காற்றைப் பார்த்துக் கூடாரம் போடுங்கள்: ஸ்கை தீவில் சைக்கிளில் எட்டு நாள்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள ஸ்கை தீவில் முதல் இரவுக்கு நான் பிடித்த இடம் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. பின்னால் ஒரு மேடு, பக்கத்தில் சின்ன ஓடை, எதிரே மலைகளுக்கு நடுவே நீண்டு நுழைந்திருக்கும் கடல். பகல் முழுக்க எதிர்க்காற்றில் மிதித்து வந்த களைப்பில், காற்று அண்டாத இப்படி ஒரு பள்ளம் கிடைத்ததே என்று மனம் நிறைந்து போனது. கூடாரம் போட்டு, ஓடையில் தண்ணீர் பிடித்து, அடுப்பைப் பற்ற வைத்தேன். எட்டரை மணி சுமாருக்குக் காற்று அடியோடு நின்றது. ஐந்தே நிமிடம். மிட்ஜ் வந்துவிட்டன.

மிட்ஜ் என்பது கொசுவைவிடப் பல மடங்கு சின்னப் பூச்சி. ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். ஒன்று கடித்தால் தெரியவே தெரியாது. ஆனால் அது ஒன்றாக வருவதில்லை, புகை மாதிரி வரும். கண் இமை, காது மடல், முடிக்குள், கையுறைக்கும் சட்டைக்கும் நடுவில் என்று எங்கும் புகுந்துகொள்ளும். கடிப்பது பெண் பூச்சிதான். நாம் விடும் மூச்சுக்காற்றை வைத்தே நம்மைத் தேடி வருகிறது. மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை இதன் காலம். மந்தாரமான வானம், ஈரமான நிலம், அசையாத காற்று மூன்றும் சேர்ந்த காலையும் மாலையும் இதற்கு உகந்த நேரம். அன்று வெந்துகொண்டிருந்த சாதத்தை அப்படியே மூடி வைத்துவிட்டுக் கூடாரத்துக்குள் ஓடினேன். அடுப்பை உள்ளே கொண்டுபோய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அதை மட்டும் எந்த நிலையிலும் செய்யாதீர்கள். மூடிய கூடாரத்துக்குள் அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், துணியும் நொடியில் பற்றிக்கொள்ளும். அன்று இரவு ரொட்டியும் வெண்ணெயும்தான். அதற்குப் பிறகு, சமைக்காமலே சாப்பிடக்கூடிய ஒரு வேளை உணவு என் பையில் இல்லாத நாளே கிடையாது.

இந்தத் தீவில் எனக்குக் கிடைத்த முதல் பாடமும் கடைசிப் பாடமும் காற்றைப் பற்றியவைதான். போவதற்கு முன்னால் நான் ஏற்றங்களைப் பற்றித்தான் கவலைப்பட்டேன். எந்தச் சாலை எத்தனை மீட்டர் ஏறுகிறது என்று தாளில் கோடு போட்டு வைத்திருந்தேன். ஏற்றம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று முன்பே தெரியும். கியரைக் குறைத்து மெதுவாக ஏறிவிடலாம். காற்று அப்படி அல்ல. பகலில் சைக்கிளை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும் அதே காற்றுதான் இரவில் மிட்ஜை விரட்டி நம்மைத் தூங்க வைக்கிறது. மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசினால் மிட்ஜால் பறக்க முடியாது. அளக்கக் கருவி எதுவும் தேவையில்லை. புல் நுனி விடாமல் ஆடிக்கொண்டே இருந்தால் அந்த இடம் போதும். ஆடுவதும் நிற்பதுமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் மேலே ஏறிப் பாருங்கள்.

இடம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஸ்கை 1,600 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்புள்ள தீவு. கரை முழுக்கக் கடல் கைவிரல் போல உள்ளே நுழைந்து கிடப்பதால் தீவின் எந்த மூலையும் கடலிலிருந்து சுமார் எட்டு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இல்லை. நடுவே கூலின் மலைகள்; அவற்றின் உச்சி 992 மீட்டர். வடக்கே ட்ராட்டர்னிஷ் என்ற தீபகற்பம், அதன் முதுகெலும்பாக ஏறத்தாழ 30 கிலோமீட்டருக்கு ஒரு மலைத்தொடர். கேலிக் மொழியில் இதற்கு 'மூடுபனித் தீவு' என்று ஒரு பெயர் உண்டு. கடலிலிருந்து ஈரத்தோடு வரும் தென்மேற்குக் காற்று கூலினில் மோதி மேலேறுகிறது. குளிர்ந்து மழையாகவும் மூடுபனியாகவும் இறங்குகிறது. தமிழில் நான்கு திசைக் காற்றுக்கும் நான்கு பெயர் இருக்கின்றன: தெற்கே தென்றல், வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், மேற்கே கோடை. ஸ்கையில் பெரும்பாலும் வீசுவது தென்றலுக்கும் கோடைக்கும் நடுவில் பிறந்த ஒன்று.

நான் இன்வர்னஸ் நகரத்திலிருந்து ரயிலில், தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள கைல் ஆஃப் லோஹால்ஷ் வரை வந்து, 1995-இல் திறந்த பாலத்தின் வழியாகத் தீவுக்குள் நுழைந்தேன். ரயிலில் சைக்கிளுக்கு இடம் குறைவு, முன்பதிவு செய்துவிடுங்கள். அடுப்புக்கான எரிவாயுக் குப்பியை விமானத்தில் கொண்டுவர முடியாது. இறங்கிய பிறகு இன்வர்னஸில் வாங்கிக்கொள்ளலாம். பாலம் தாண்டிப் பிராட்ஃபோர்டில் ஒரு பெரிய கடை, அப்புறம் தீவின் பெரிய ஊரான போர்ட்ரீயில். நடுவில் ஒன்றை நம்பிப் போகாதீர்கள்.

பிராட்ஃபோர்டிலிருந்து போர்ட்ரீ போகும் பெரிய சாலையில் வண்டிகள் அதிகம், வீடு போன்ற வேன்களும் பேருந்துகளும் இடைவிடாமல் வரும். லூயிப் தாண்டியதும் கடலோரமாக வலப்பக்கம் பிரியும் மால் என்ற பழைய சாலை இருக்கிறது. பெரிய சாலை மலை மேல் ஏறி இறங்க, இது கரையைச் சுற்றிக்கொண்டு ஸ்கான்சர் பக்கம் போய்ச் சேரும். தூரம் கொஞ்சம் கூடுதல். நான் அதில் போன மாலையில் மூன்று கார்தான் கண்ணில் பட்டது.

மறுநாள் காலை ஸ்கான்சரிலிருந்து ஸ்லிகாஹன் வரை உள்ள ஐந்து கிலோமீட்டர் எனக்குச் சரியாக ஐம்பது நிமிடம் எடுத்தது. சமதளம்தான். ஆனால் அந்தக் கடற்கழி தென்மேற்குத் திசையில் நீண்டு கிடக்கிறது, அதன் கோடியில் கூலின் மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு. காற்று அந்தப் பள்ளத்தாக்கில் நுழைந்து, குழாயில் புகுந்த தண்ணீர் மாதிரி வேகம் கூடி, நேராக நெஞ்சில் வந்து மோதுகிறது. ஸ்லிகாஹன் பாலத்தில் சாலை வடக்கே திரும்பியது. அடுத்த 15 கிலோமீட்டர் போர்ட்ரீ வரை நாற்பது நிமிடத்துக்குள் வந்துவிட்டேன். காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. அன்று மதியமே வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு மீதி நாட்களின் பாதையைத் திருத்தினேன்.

அதுதான் நான் செய்த நல்ல காரியம். ட்ராட்டர்னிஷைச் சுற்றுகிறவர்கள் பெரும்பாலும் போர்ட்ரீயிலிருந்து கிழக்குக் கரை வழியாக ஸ்டோர் மலையைப் பார்த்துவிட்டு வடக்கே போய், மேற்குக் கரை வழியாகத் திரும்புகிறார்கள். காரில் போகிறவர்களுக்கு அது சரி. சைக்கிளில் அப்படிப் போனால் களைத்துத் திரும்பும் நாளில், மறைப்பே இல்லாத மேற்குக் கரையில் தென்மேற்குக் காற்றை எதிர்த்து மிதிக்க வேண்டும். நான் மாற்றிப் போனேன். முதலில் மேற்குப் பக்கமாக யூயிக் வரை, அங்கிருந்து குயிராங் கணவாயைத் தாண்டிக் கிழக்கே ஸ்டாஃபின், பிறகு 719 மீட்டர் உயரமுள்ள ஸ்டோரின் நிழலில் தெற்கே போர்ட்ரீ. கிழக்குக் கரையில் மலைத்தொடர் காற்றைத் தடுத்துவிடுகிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை: தடுக்கப்பட்ட காற்று சும்மா இருப்பதில்லை. மலையில் எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கே திடீரென்று இறங்கி அடிக்கும். இரண்டு கிலோமீட்டர் அமைதியாக ஓட்டிக்கொண்டிருக்கும்போது பக்கவாட்டில் ஓர் அறை விழும். அப்படிப்பட்ட இடங்களில் சாலை ஓரத்தை ஒட்டிப் போகாமல் கொஞ்சம் உள்ளே தள்ளி ஓட்டுங்கள், தடுமாற இடம் வேண்டும்.

வானிலை அறிக்கையில் சராசரி வேகத்தை மட்டும் பார்க்கிறவர்கள் இங்கே ஏமாந்துபோவார்கள். இடையிடையே திடீரென்று எழும் வீச்சு எவ்வளவு என்று தனியாகப் போட்டிருப்பார்கள், அதுதான் நம்மைக் கீழே தள்ளுவது. வீச்சு மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டும் என்றால் நான் கணவாய் ஏறுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். பல இடங்களில் கைபேசிக்குச் சிக்னல் இல்லை. சிக்னல் கிடைக்கும் இடத்தில் மறுநாளுக்கு உரியதையும் அதற்கு அடுத்த நாளுக்கு உரியதையும் சேர்த்துப் படித்துத் தாளில் எழுதிக்கொள்வேன்.

யூயிக் தாண்டி மேலேறும் வழியில் மாலை ஆறு மணிக்கு ஓர் இடம் பார்த்தேன். சாலையிலிருந்து இருநூறு மீட்டர் தள்ளி, பெரணிச் செடிகளுக்கு நடுவே பதமான புல்தரை. கூடாரத்தை விரித்துக்கொண்டிருந்தபோது நாயோடு நடந்து வந்த வயதான அம்மா ஒருவர் நின்றார். துரத்தப் போகிறார் என்று நினைத்தேன். "நீங்கள் இங்கே தங்குவதில் யாருக்கும் தொந்தரவு இல்லை. ஆனால் காற்று நின்றுவிட்டால் மிட்ஜால் இந்தப் பள்ளத்தில் உட்கார முடியாது. பெரணியில் உண்ணியும் இருக்கிறது. அதோ, அந்த மேட்டுக்குப் போங்கள்" என்றார். மேட்டில் செடியே இல்லை, குட்டைப் புல்லும் பாறையும்தான். இரவெல்லாம் கூடாரத் துணி படபடத்தது, நான் நன்றாகத் தூங்கினேன். ஒரு மிட்ஜ்கூட வரவில்லை.

உண்ணியைப் பற்றி அவர் சொன்னதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆடும் மானும் திரியும் இடங்களில், உயரமான புல்லிலும் பெரணியிலும் அது காத்திருக்கும். சிலவற்றில் லைம் நோயை உண்டாக்கும் கிருமி இருக்கிறது. தினமும் படுக்கும் முன் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு, தலைமுடி ஓரம் எல்லாம் தடவிப் பார்த்தேன். எட்டு நாளில் இரண்டு எடுத்தேன். தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல், நிதானமாக இழுக்க வேண்டும். அதற்கென்று சின்னக் கொக்கி விற்கிறார்கள். எண்ணெய் தடவுவது, சூடு வைப்பது எல்லாம் வேண்டாம். பிறகு சில வாரங்களுக்குள் அந்த இடத்தைச் சுற்றி வளையம்போலச் சிவப்புப் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் உண்ணி கடித்ததைச் சொல்லிவிடுங்கள். சீக்கிரம் தொடங்கினால் மருந்திலேயே குணமாகிவிடும்.

அந்த அம்மா துரத்தாததற்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் பொறுப்போடு நடந்துகொள்கிற எவருக்கும் பெரும்பாலான நிலத்திலும் நீரிலும் நடமாடும் உரிமையைக் கொடுக்கிறது. அது 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. சிறு கூடாரத்தோடு, சிலர் மட்டும், ஓரிடத்தில் இரண்டு மூன்று இரவுக்கு மேல் தங்காமல் முகாமிடுவதும் இந்த உரிமையில் அடங்கும். இங்கிலாந்தில் பெரும்பாலான இடங்களில் நில உரிமையாளரின் அனுமதி வேண்டும், அதனால் இதன் அருமை எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் இந்த உரிமை நடந்தும் சைக்கிளிலும் வருகிறவர்களுக்கு. மோட்டார் வண்டியை ஓட்டி வந்து எங்கும் நிறுத்தித் தங்குவதற்கு அல்ல. பயிர் இருக்கும் வயலிலும், கால்நடை மேயும் வேலியிட்ட நிலத்திலும், வீட்டுக்குப் பக்கத்திலும் கூடாரம் போடக்கூடாது. வெறும் புல்வெளியாக நமக்குத் தெரிவது இங்கே பலருடைய மேய்ச்சல் நிலம், பிழைப்பு.

கூடாரத்தை இரவு தாமதமாகப் போட்டு, காலையில் சீக்கிரம் எடுத்துவிடுவது என் வழக்கம். மலம் கழிக்கத் தண்ணீரிலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளிக் குழி வெட்டி மூடுங்கள், காகிதத்தைப் பையில் போட்டு எடுத்து வந்துவிடுங்கள். தீ மூட்டவே மூட்டாதீர்கள். அந்த மண் பாதி கரி. பல்லாயிரம் ஆண்டுகளாக மட்காமல் சேர்ந்த செடிகொடிகளின் அடுக்கு அது. மேலே அணைத்துவிட்டுப் போனாலும் அடியில் நாள்கணக்கில் கனன்றுகொண்டே போகும். கடற்கரைக்கு மேலே ஓரிடத்தில் யாரோ தீ மூட்டிய கரிய வட்டத்தைப் பார்த்தேன், பக்கத்திலேயே தகர டப்பாக்கள். மனசு கொதித்தது. இரண்டு டப்பாக்களை நசுக்கி என் பையில் போட்டுக்கொண்டேன். சிலர் இப்படிச் செய்வதால்தான் ஊர்க்காரர்களுக்குக் கூடாரத்தைக் கண்டாலே ஆகாமல் போகிறது.

ஓடைத் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கும், அது கரி மண்ணின் சாயம்தான். ஆனால் மேலே எங்காவது செத்த ஆடு கிடக்கலாம். வடிகட்டியோ கொதிக்க வைத்தோதான் குடித்தேன்.

சைக்கிளைப் பற்றி நான் கற்றது மூன்றே விஷயம். ஒன்று, மிகக் குறைந்த கியர். என்னுடையதில் முன்னால் 26 பல், பின்னால் 36 பல். அதற்கு மேல் இருந்திருந்தால் பாதி ஏற்றங்களைத் தள்ளித்தான் ஏறியிருப்பேன். இரண்டாவது, சுமையை எங்கே கட்டுகிறோம் என்பது. கூடாரத்தை ஹேண்டில்பாருக்குக் குறுக்கே கட்டியிருந்தேன். பக்கக்காற்றில் அது பாய்மரம்போல வேலை செய்து முன்சக்கரத்தைத் திருப்பியது. போர்ட்ரீயில் அதை அவிழ்த்து, கனமானதையெல்லாம் சக்கரத்தின் பக்கப் பைகளில் அடியில் வைத்தேன். வண்டி உடனே அடங்கியது. மூன்றாவது, பிரேக் கட்டை. குயிராங்கிலிருந்து ஸ்டாஃபின் பக்கம் இறங்கும் சாலை கொண்டை ஊசி வளைவுகளோடு செங்குத்தாக விழுகிறது. அன்று மழை. சக்கரத்தில் ஒட்டிய மணல் பிரேக் கட்டையை அரம்போலத் தேய்த்தது. கீழே வந்து பார்த்தபோது இரும்பு தெரிய இன்னும் ஒரு மில்லிமீட்டர்தான் மிச்சம். மாற்று ஜோடி பையில் இருந்ததால் பயணம் நின்றுபோகவில்லை.

குயிராங் மலைச்சரிவு இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும் நிலச்சரிவு. அதனால் கீழே ஃப்ளாடிகாரி பக்கத்தில் சாலையை ஆண்டுதோறும் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. ஓர வெடிப்புகளுக்காகக் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆடுமாடு தாண்டாமலிருக்கச் சாலையின் குறுக்கே பதித்திருக்கும் இரும்புக் குழாய்களை நேர்கோணத்தில்தான் கடக்க வேண்டும், மழையில் சாய்ந்து போனால் விழுவது உறுதி. ஒற்றைத் தடச் சாலைகளில் ஒதுங்குமிடங்கள் இருக்கும். எதிரே வண்டி வந்தால் மட்டுமல்ல, பின்னால் வண்டி சேர்ந்தாலும் ஒதுங்கி வழிவிடுங்கள். ஒதுங்குமிடம் வலப்பக்கம் இருந்தால் அதற்கு எதிரே இடப்பக்கமே நின்றால் போதும்.

கடைசி இரண்டு நாளைப் பக்கத்தில் உள்ள ராஸே தீவுக்கு வைத்திருந்தேன். ஸ்கான்சரிலிருந்து படகில் 25 நிமிடம். ஞாயிற்றுக்கிழமை படகு குறைவு, நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். நான் போனது கேலம் மக்லாய்டின் சாலைக்காக. தீவின் வடக்கே ஆர்னிஷ் என்ற சிற்றூருக்குச் சாலை வேண்டும் என்று அங்கிருந்தவர்கள் பல ஆண்டுகள் கேட்டார்கள், கிடைக்கவில்லை. கலங்கரை விளக்கிலும் தபால் வேலையிலும் இருந்த கேலம், 1960-களின் நடுவில் தானே தொடங்கினார். கடப்பாரை, மண்வெட்டி, ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி. சாலை போடுவது பற்றிய பழைய புத்தகம் ஒன்றை வாங்கிப் படித்துக்கொண்டே, ப்ரோஹலிலிருந்து ஆர்னிஷ் வரை கிட்டத்தட்ட 2.8 கிலோமீட்டரைப் பத்து வருடத்தில் முடித்தார். பிற்பாடுதான் அரசு தார் போட்டது. அதற்குள் ஆர்னிஷில் அவரும் மனைவியும் மட்டுமே மிச்சம்.

அந்தச் சாலையில் மிதிக்கும்போது ஒரு மனிதனின் தீர்மானங்கள் சக்கரத்தின் அடியில் தெரிகின்றன. பாறையை உடைக்க முடியாத இடத்தில் வளைந்திருக்கிறது. தண்ணீர் வரும் இடத்தில் மதகு. சரியும் பக்கம் கல்லடுக்குச் சுவர். ஏற்றங்கள் கடுமைதான். ஓரிடத்தில் இறங்கித் தள்ளினேன். அந்த இடத்தில் அவர் எத்தனை நாள் நின்றிருப்பார் என்று எண்ணியபடி தள்ளினேன்.

ஆர்னிஷுக்கு அப்பால், வீடுகள் கண்ணில் படாத ஒரு மேட்டில் கூடாரம் போட்டேன். வழக்கம்போல அதன் தாழ்ந்த வால் பக்கத்தைத் தென்மேற்கே வைத்து, கயிறுகளை இழுத்துக் கட்டி, மண் ஆழம் இல்லாத இடத்தில் முளைகளின் மேல் கல் ஏற்றினேன். இரவு இரண்டு மணிக்கு விழித்தேன். காற்று வடக்கே மாறியிருந்தது. வாசல் பக்கம் முழுக்கப் பலூன்போல உப்பி, கம்பி வளைந்துகொண்டிருந்தது. அறிக்கையில் வேகத்தைப் படித்திருந்தேன். திசை மாறும் என்றும் அதில் போட்டிருந்தது, அதைத் தாளில் எழுதாமல் விட்டுவிட்டேன். வெளியே வந்து, ஒரு பக்கத்து முளைகளை மட்டும் பிடுங்கி, கூடாரத்தைச் சுழற்றி, மறுபடி கட்டினேன். ஜூன் மாதம் என்பதால் விளக்கே தேவைப்படவில்லை. வடக்கு வானத்தில் வெளிச்சம் முழுதாக அணைந்திருக்கவில்லை. எதிரே ஸ்காட்லாந்துப் பெருநிலத்தின் மலைகள் நீலமாகத் தெரிந்தன. குளிரில் விரல் மரத்துப்போயிருந்தது. பிறகு தூக்கம் வரவில்லை.

ஐந்து மணிக்கே மூட்டையைக் கட்டினேன். படகுத் துறை தெற்கே. கேலத்தின் சாலையில் ஏறியதும் அந்த வாடை முதுகில் வந்து நின்றுகொண்டது. நேற்று ஓரிடத்தில் இறங்கித் தள்ளிய சாலையில் இன்று ஒரு மேட்டில்கூட இறங்கவில்லை.